வைத்தியசாலையின் காற்று

நோயுற்றோர் பிணி தீரும்பொருட்டு வைத்தியசாலையை நாடுகின்றனர். அங்கே தாம் கொண்டு சென்றிராத வேறொரு நோயை ஏற்று மாள்வதும் உண்டென்பதை நாம் எளிதில் நினைப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், டுகேலா பெர்ரி என்னும் நாட்டுப்புறத்தூரில் நிகழ்ந்தது இதற்குத் தக்கதோர் உதாரணமாம்.

ஸ்காத்லாந்துச் சபையின் பெயரால் வழங்கும் வைத்தியசாலையொன்று அவ்வூரில் உளது. 2005-ஆம் ஆண்டு ஜனவரி முதல் 2006-ஆம் ஆண்டு மார்ச்சு வரை 1,539 பேருடைய சளி பரிசோதிக்கப்பட்டது. 542 பேரிடம் க்ஷயரோகக் கிருமி காணப்பட்டது. அவருள் 53 பேரைப் பற்றிய கிருமியோ, முதன்மையான மருந்துகளுக்கேயன்றி, அவை பயன்படாவிடத்துக் கொடுக்கப்படுவனவற்றிற்கும் அடங்காததாயிருந்தது. அந்த 53 பேரில் 52 பேர் மாண்டனர். மாண்ட நாள் அறியப்பட்டவர்களிற் பாதிப்பேர், சோதனைக்கெனச் சளி கொடுத்த 16 நாட்களுக்குள் இறந்தனர். சோதனையின் முடிவு வெளிவருமுன்னரே பலர் போய்விட்டனர்.

மருந்துக்கடங்காத க்ஷயம், சிகிச்சையை நடுவில் விட்டவனுடைய அசட்டையால் உண்டாவது என்பதே பொதுவான எண்ணம். இங்கு அவ்வெண்ணம் பொருந்தவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் அதற்குமுன் க்ஷயத்திற்கு மருந்துண்டவரேயல்லர். ஆயினும், மூன்றில் இரண்டு பங்கினர் சமீபத்தில் ஏதோவொரு நோய்க்காக வைத்தியசாலையிற் படுத்திருந்தவர்கள். பெரும்பாலோரிடம் கண்ட கிருமியும் ஒரே இனத்தது. வைத்தியசாலை ஊழியருள்ளும் அந்நோய்க்கு இரையானோர் இருந்தனர். ஆகவே, நோய் ஒருவர் மூச்சிலிருந்து மற்றொருவர் மூச்சிற்குச் சென்றதென்பது தெளிவு.

இருமுங்கால் வெளிப்படும் நுண்துளிகள் காற்றிலேயே உலர்ந்து, தரையில் வீழாமல் நெடுநேரம் மிதந்து திரிவன. சாளரம் அடைத்து, கட்டில்கள் நெருங்கிய அறையில் ஒருவர் இருமினால், அக்காற்றை அனைவரும் பகிர்ந்துகொள்ளுகின்றனர். எச்.ஐ.வி. கிருமியால் உடல்வலி குன்றியோர்க்கு அதுவே போதும். சோதிக்கப்பெற்ற 44 பேரும் அக்கிருமியை உடையவராயிருந்தனர்.

பரிகாரம் அவ்வளவு செலவுடையதன்று. பெரு தேசத்து லீமா நகர வைத்தியசாலைகளில் ஆராய்ந்தோர் 2007-இல் வெளியிட்ட அளவுகள் நமக்கு வியப்பளிக்கின்றன. கதவும் சாளரமும் திறந்திருக்க, அறைக்காற்று மணிக்கு 28 முறை மாறிற்று. இயந்திரத்தால் காற்றோட்டும் அறைகளில் 12 முறையே. அன்றியும், 1950-க்கு முன் உயர்ந்த கூரையும் அகன்ற சாளரமுமாகக் கட்டிய பழைய கூடங்களில் 40 முறை மாறிற்று. புதியவற்றில் 17 முறை. பழைய கட்டடங்களை இடிக்க விரைவோர் இதனைச் சற்றே நோக்குவாராக! குளிரிரவிற் சாளரத்தை எவர் திறந்து வைப்பர் என்பது வேறு கேள்வி.

அதற்குத் துணையாவது முகமூடி. தென்னாப்பிரிக்காவின் எமலாலேனி நகரில், க்ஷயரோகிகளின் அறைக்காற்றைக் கினிப்பன்றிகள் சுவாசிக்கும்படி செய்து பார்த்தனர். நோயாளர் முகமூடியின்றியிருந்த நாட்களின் காற்றை ஏற்ற 90-இல் 69 கினிப்பன்றிகளுக்குக் கிருமி தொற்றிற்று. எளிய துணிமுகமூடியன்ன வைத்திய முகமூடியை அவர்கள் அணிந்த நாட்களின் காற்றை ஏற்ற 90-இல் 36-க்கே தொற்றிற்று.