உங்களுக்குத் தெரியுமா? நியூயார்க்கில் வானத்தையும் விலை பேசலாம்!

மன்ஹாட்டன் தீவில் இன்று நிற்கிற கட்டடங்களில் 100-க்கு 40, இன்றைய சட்டப்படி கட்டவே முடியாதவை! 2016-ல் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட கணக்கு இது. சில கட்டடங்கள் ரொம்ப உயரம். சிலவற்றில் வீடுகள் ரொம்ப நெருக்கம். இடித்துவிட்டு அதேபோலக் கட்டித் தருகிறேன் என்றால் பிளான் அப்ரூவல் கிடைக்காது!

அங்கே ஜனக்கூட்டம் இப்போதுதான் அதிகம் என்று நினைப்பீர்கள். தப்பு! 1910-ல் மன்ஹாட்டனில் குடியிருந்தவர்கள் 23 லட்சம் பேர். அத்தனை மாடிகள் முளைத்த பிறகு, இன்று 17 லட்சத்தைக்கூடத் தாண்டவில்லை!

அந்தக் காலத்து வாடகைக் குடியிருப்புகளின் லட்சணம் தெரியுமா? 20 பேருக்கு 1 கழிப்பறையாவது கட்டித் தர வேண்டும் என்று 1867-ல் சட்டம் போட்டார்கள். அன்றைக்கு அதுவே பெரிய சீர்திருத்தம்!

ஆர்ச்சர்ட் தெரு, 97-ஆம் எண் வீடு. கட்டியது 1863-ல். எழுபது வருடங்களில் அங்கே குடியிருந்து போனவர்கள் சுமார் 7,000 பேர்! புது விதிகள் வந்தன. செலவு செய்ய மனமில்லாத உரிமையாளர் 1935-ல் எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். கீழே கடைகள் நடந்தன. மேல் மாடிகள் பூட்டியது பூட்டியபடி. 50 வருடத்துக்கும் மேல் கழித்து, 1988-ல் உள்ளே போனவர்கள் அசந்துபோனார்கள். பழைய சுவர்க் காகிதம்கூட அப்படியே! இப்போது அது மியூசியம். குடியிருக்க ஆகாத வீட்டைப் பார்க்க டிக்கெட்!

நகரம் முழுவதற்கும் 'இங்கே வீடு, இங்கே கடை, இங்கே தொழிற்சாலை' என்று கோடு கிழித்த முதல் அமெரிக்க நகரம் நியூயார்க். வருடம் 1916. அந்தச் சட்டத்தைக் கிளப்பிவிட்டது 38 மாடி ஈக்விடபிள் கட்டடம்! நின்றது ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்தில். விழுந்த நிழலோ 7 ஏக்கர்!

எம்பயர் ஸ்டேட் கட்டடம் ஏன் நம்ம கோயில் கோபுரம் மாதிரி மேலே போகப் போக ஒடுங்குகிறது? அழகுக்காக மட்டும் இல்லை. தெருவுக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே மேலே போகப் போக உள்வாங்கு என்றது 1916 சட்டம். மனையில் கால்வாசிப் பரப்புக்குள் நின்றால்? எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம்! போனார்கள், 102 மாடி!

அந்தப் பழைய சட்டப்படி நியூயார்க்கில் 5.5 கோடி பேருக்கு இடம் கட்டியிருக்கலாம். 1961-ல் புதுச் சட்டம் வந்தது. ஒரே வெட்டு. 1.2 கோடி!

சட்டத்தை மீறி மாடி கட்டினால் என்ன ஆகும்? கிழக்கு 96-ஆம் தெருவில் போய்க் கேளுங்கள்! 1980-களில் அங்கே 31 மாடிக் கட்டடம் எழும்பியது. அனுமதிக்கக் கூடியது 19 மாடிதான். 'உங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தானே கட்டினேன், பர்மிட்டும் நீங்கள்தானே கொடுத்தீர்கள்' என்றார் பில்டர். உண்மைதான். தப்பு மாநகராட்சியின் வரைபடத்தில்! கோர்ட் மசியவில்லை. வரைபடத்தில் தப்பு இருக்கலாம், சட்டம் சட்டம்தான் என்றது. மேல் மாடிகள் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தன. கடைசியில் 1993-ல் உச்சியிலிருந்து பிரித்து எடுத்தார்கள். மொத்தம் 12 மாடி! (இப்படி ஒரு தீர்ப்பு எல்லா ஊரிலும் வந்தால் எத்தனை பில்டருக்குத் தூக்கம் போகும்!)

வானத்தை விற்கலாம் என்பது தெரியுமா? கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் 55 மாடி கட்ட ஆசைப்பட்டார்கள். பாரம்பரியச் சின்னம், தொடாதே என்று நகரம் தடுத்தது. 1978-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. கட்டத்தான் கூடாது, கட்டாத உரிமையை விற்கலாமே! ஜே.பி. மார்கன் வங்கி தன் 60 மாடித் தலைமையகத்துக்காக அந்த நிலையத்தின் தலைக்கு மேலிருந்து வாங்கிய வெற்று வானம், ஆறரை லட்சம் சதுர அடிக்கும் மேல்!

432 பார்க் அவென்யூ கட்டடம், உயரம் 1,396 அடி. மெஷின் வைக்கிற மாடிகள் தளப்பரப்புக் கணக்கில் (எஃப்.எஸ்.ஐ.) சேராது என்று ஒரு விதி இருந்தது. விடுவார்களா? ஏறக்குறைய கால்வாசி மாடிகள் மெஷினுக்கும் காற்றுக்கும்! வெற்றிடத்தை அடுக்கி, பணக்கார வீடுகளை மேலே ஏற்றிவிட்டார்கள். 2019-ல்தான் நகரம் விழித்துக்கொண்டு, கணக்கில் சேராத மெஷின் மாடியின் உயரத்துக்கு 25 அடி என்று வரம்பு கட்டியது.

பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால் கூடுதல் மாடி! இந்த பேரத்தில் பிறந்த இடங்கள் 590-க்கு மேல். அதில் ஒன்று ஸுக்கோட்டி பூங்கா. தனியார் சொத்து, ஆனால் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். நகரப் பூங்காக்களையோ ராத்திரி பூட்டிவிடுவார்கள். 2011-ல் 'வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்' போராட்டக்காரர்கள் கூடாரம் போட்டது எங்கே என்று நினைக்கிறீர்கள்? அங்கேயேதான். 2 மாதம்!

கிரீன்விச் வில்லேஜ் நடைபாதையில் ஒரு முக்கோண மனை. சுரங்க ரயிலுக்காகச் சுற்றியுள்ள நிலத்தை எடுத்தபோது அளவையில் தவறிய துண்டு. பரப்பு மூன்றரை சதுர அடி. ஒரு சென்ட்டில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! நகரம் அதைத் தானமாகக் கேட்டபோது உரிமையாளரின் குடும்பம் மறுத்துவிட்டது. 1938-ல் விற்றார்கள். விலை 100 டாலர்!

வாடகைக்குக் காலி வீடு 100-க்கு 5-ஐ விடக் குறைந்தால் நியூயார்க்கில் 'வீட்டு வசதி நெருக்கடி நிலை'. வாடகைக் கட்டுப்பாடு தொடரும். 2023-ல் எடுத்த கணக்கு எவ்வளவு தெரியுமா? 1.41! 1968-க்குப் பிறகு இத்தனை குறைவு இல்லவே இல்லை.

அதனால்தான் 2024 டிசம்பரில் 'சிட்டி ஆஃப் யெஸ்' திட்டம். ஒவ்வொரு பேட்டையிலும் கொஞ்சம் வீடு, 15 வருடத்தில் சுமார் 80,000! வீடு கட்டினால் கார் நிறுத்த இடமும் கட்டியே தீர வேண்டும் என்ற விதி பல பகுதிகளில் ஒழிந்தது. சும்மா நிறைவேறிவிட்டதா? கவுன்சிலில் ஆதரவு 31, எதிர்ப்பு 20!

காலி அலுவலகங்களையும் விடவில்லை. வயாகரா மாத்திரை தந்த ஃபைசர் கம்பெனியின் பழைய தலைமையகம் 42-ஆம் தெருவில் இருக்கிறது. அது இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறுகிறது. எத்தனை வீடு தெரியுமா? 1,600!