சாரதியும் இடித்துரைப்போரும்

கடலிற் செல்லும் கலத்துக்கும் தரையிற் செல்லும் வாகனத்துக்கும் பொதுவான கடமை ஒன்றுண்டு. முன்னே வருவதை இடையறாது நோக்கியிருத்தலே அது. கடலில் மோதல்களைத் தவிர்த்தற்பொருட்டு 1972ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சர்வதேச ஒழுங்குவிதிகளுள் ஐந்தாவது விதி, எக்கலமும் எவ்வேளையிலும் கண்ணாலும் செவியாலும் தக்கவாறு காவல் செய்தல் வேண்டுமெனப் பணிக்கின்றது. திருகோணமலைத் துறைமுகத்துட் புகும் கோதுமைக் கப்பல் மிக மெல்லவே நகர்கின்றது. ஆயினும் அதன் மேற்றளத்திற் காவலுக்கு ஆளில்லாத நேரமில்லை. அக்கோதுமை சீனன்குடா ஆலையில் மாவாகி, லொறியேறிக் கந்தளாய் வழியே செல்லும்போதோ, மாலுமியும் காவலாளியும் சாரதி ஒருவரேயாவர். அவர் ஒரு கையிற் கைத்தொலைபேசியைப் பற்றி, அதிலே மனத்தைச் செலுத்துவாராயின், அந்த லொறிக்குக் காவலாளி எவருமிலர்.

இத்தீங்கின் அளவைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. வந்த செய்தியொன்றை வாசித்தற்கு 5 செக்கன் செல்லுமெனக் கொண்டால், அதற்குள் வாகனம் 70 மீற்றர் சென்றுவிடும். 2009ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்திலே திறந்துவைக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அப்பாலத்தின்மேற் செய்தி வாசிக்கும் சாரதி, அதன் ஆறிலொரு பங்குக்கும் மேற்பட்ட தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவராகின்றார். கண்ணைக் கட்டிக்கொண்டு அத்தூரத்தை ஓட்டுமாறு எவரேனும் அவரைக் கேட்பின், அவர் ஒருபோதும் உடன்படார்.

இவ்வூரின் வீதிகள் ஏனைய ஊர்களின் வீதிகளினும் மிகுந்த கவனத்தை வேண்டுவன. பிரெடறிக் கோட்டை வாயிலினூடாகக் கோணேசர் கோயிலுக்குச் செல்லும் பாதையில், அடியார்களும் வாகனங்களும் புள்ளிமான்களும் ஒருங்கே செல்கின்றனர். மான்கள் கோட்டைக்குள் அடங்கி நிற்பனவுமல்ல. நகரத் தெருக்களிலும் கடற்கரையிலும் அவை உலாவுதல் யாவரும் கண்ட காட்சி. மானும் சிறு பிள்ளையும் முன்னறிவித்துவிட்டு வீதியைக் கடப்பதில்லை. அவர்களுக்கு உயிர்ப்பாதுகாப்பாக இருப்பது சாரதியின் கண்ணொன்றே.

கையிற் பிடித்தலே குற்றம். காதிற் கருவியைப் பொருத்திப் பேசினால் தீங்கில்லை எனச் சிலர் கருதுவர். ஆராய்ச்சிகள் அக்கருத்துக்கு இடந்தரவில்லை. கனடாவின் ரொறன்ரோ நகரில் விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, தொலைபேசியிற் பேசும் வேளையில் விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்காகின்றதெனக் கண்டது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் விபத்துற்று மருத்துவமனைக்கு வந்த 456 சாரதிகளை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் அதே நான்கு மடங்கையே கண்டது. கையிற் பிடியாது பேசுதலால் ஆபத்துக் குறைந்ததாக இவ்விரண்டிலும் காணப்படவில்லை.

இதற்குக் காரணம் யாது? காண்பது கண்ணாயினும் அறிவது மனமாகும். அமெரிக்காவின் யூட்டாப் பல்கலைக்கழகத்திலே நடைபெற்ற சோதனைகளில், தொலைபேசியிற் பேசிக்கொண்டு ஓட்டியோர், தம் கண் நேராகப் பதிந்த பொருள்களையும் பின்னர் நினைவுகூர இயலாதிருந்தனர். கண் வீதியிலே நிற்க, மனம் பேசுவோன் வீட்டிலே நின்றது. அருகில் இருப்பவரோடு பேசுதலும் இத்தகையதன்றோ என வினவலாம். அன்று. அருகில் இருப்பவர் வீதியையும் காண்கின்றார். நாற்சந்தி வரும்போது பேச்சை நிறுத்துகின்றார். மாடு குறுக்கிட்டால் எச்சரிக்கின்றார். கொழும்பிலிருந்து அழைப்பவரோ நிலாவெளி வீதியிற் குறுக்கிடும் மாட்டை அறியார். அவர் விடை கேட்டுக்கொண்டே இருப்பார்.

சட்டம் இதனைக் காணாதிருக்கவில்லை. வீதிப் போக்குவரத்துப் பற்றிய 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைக்கு 2006ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஓடும் வாகனத்திலே சாரதி தொலைபேசியைக் கையிற் பிடித்துப் பயன்படுத்துதலை நாடுகள் தடைசெய்தல் வேண்டுமென விதித்தது. இலங்கையிலும் அது தண்டத்துக்குரிய குற்றமே. ஆயினும், நாட்டின் வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பொலிசாரை நிறுத்துதல் எந்நாட்டுக்கும் இயலாது. பொலிசார் இல்லாத இடத்திலும் ஒவ்வொரு பஸ் வண்டியிலும் இருப்போர் பிரயாணிகள். ஆதலின், சட்டம் விட்ட இடத்தை நிரப்பவல்லது அவர்கள் வாய்ச்சொல்லேயாம்.

அச்சொல்லுக்கு ஆற்றல் உண்டோ என்பது கென்யா நாட்டிலே சோதித்துப் பார்க்கப்பட்டது. அங்கே மத்தாத்து எனப்படும் சிறு பஸ் வண்டிகள் விபத்துக்குப் பேர்பெற்றவை. 2008ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆய்வொன்றில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளின் உட்புறத்திலே துண்டுகள் ஒட்டப்பட்டன. சாரதி தவறாக ஓட்டுங்கால் வாளாவிராது கண்டித்துக் கூறுமாறு அவை பிரயாணிகளை ஊக்கின. துண்டு ஒட்டிய வண்டிகளின் சார்பிற் காப்புறுதிக் கம்பனிகளிடம் செய்யப்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகள் அரைப்பங்கு முதல் மூன்றிலிரு பங்குவரை குறைந்தன. பின்னர் மேலும் பெரிய அளவில் நடத்தப்பெற்று 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், குறைவு காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை காணப்பட்டது. இத்துண்டுகள் தொலைபேசியை மாத்திரமன்றி எல்லா வகைக் கவனமற்ற ஓட்டத்தையும் குறித்தன. எனினும், கடதாசித் துண்டொன்று பிரயாணியின் நாவைத் திறந்ததனால் உயிர்கள் காக்கப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

எமது நாட்டிலே நாவைக் கட்டுவது பெரும்பாலும் மரியாதை. சாரதி வயதில் மூத்தவர். அல்லது மாமன், ஆசிரியர், முதலாளி. அவரை இளையோர் திருத்துதல் அடாது என்னும் எண்ணம் வலிமையுடையது. இவ்வெண்ணத்தின் விலையை 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி தெனரீவு விமான நிலையம் உலகுக்குக் காட்டிற்று. மூடுபனியில் இரு பெரு விமானங்கள் ஓடுபாதையிலே மோதின. 583 பேர் மாண்டனர். மற்ற விமானம் பாதையை விட்டு நீங்கவில்லையோ எனப் புறப்படும் விமானத்தின் பொறியியலாளர் வினவினார். புகழ்மிக்க மூத்த விமானி நீங்கிற்றென உறுதியாகக் கூறவே, அவர் மேலும் வற்புறுத்தவில்லை. அதன் பின்னரே, ஐயமுற்ற இளையவர் வாய்திறத்தலும் மூத்தவர் செவிகொடுத்தலும் விமானிகளின் பயிற்சியிற் பெரிதும் இடம்பெறலாயின. ஐயத்தை அடக்கிக்கொள்ளுதல் அங்கு மரியாதை எனப்படுவதில்லை. கடமை தவறுதல் எனப்படுகின்றது.

இடித்துரைத்தற்கும் முறையுண்டு. ஓடும் வண்டியிலே திடீரெனக் கூச்சலிடுதல் சாரதியின் கவனத்தை இன்னுஞ் சிதைக்கும்; ஏளனமும் வசையும் அவரைச் சினமூட்டி வேகத்தைக் கூட்டும். பஸ்ஸிலாயின் நடத்துநர் மூலமாகக் கூறுதல் நன்று. சிறு வாகனத்திலாயின் “அண்ணை, ஓரமாய் நிப்பாட்டிப் பேசுங்கோ, நாங்கள் பொறுத்திருக்கிறம்” எனத் தாழ்ந்த குரலிற் கூறினாற் போதும். அச்சொல்லிலே குற்றச்சாட்டு இல்லை. காத்திருக்க உடன்பாடு உண்டு. ஒருவர் கூறியதை இன்னொருவர் ஆதரித்துக் கூறின், சாரதி பெரும்பாலும் இணங்குவர். தெருவில் நிற்போர், முன்பின் அறியாத சாரதியை மறித்து வாதாடுதல் தகாது. கைகலப்பு வீதிப்பாதுகாப்பு ஆகாது. வாகன இலக்கத்தைக் குறித்துப் பொலிசாருக்கு அறிவிப்பதே அவர்க்குரிய வழி. அவ்வாறு அறிவிப்போர் தாமே வாகனம் ஓட்டிக்கொண்டு படம்பிடிப்பாராயின், அவர் கண்டிக்கும் குற்றத்தை அவரே செய்தவராவர்.

பழி முழுவதையும் சாரதிமேற் சுமத்துதலும் நீதியன்று. முச்சக்கர வண்டி ஓட்டுவோர்க்கு வாடகை வருவது தொலைபேசி வழியாகவே; எடுக்காத அழைப்பு இழந்த வருமானமாகும். லொறிச் சாரதியை ‘எங்கே நிற்கிறாய்?’ எனப் பன்முறை வினவுவோர் முதலாளிமார். ‘எத்தனை மணிக்கு வருவீர்?’ என்று கேட்போர் வீட்டார். அழைப்பவர் முதலில் ‘ஓட்டிக்கொண்டிருக்கிறீரோ?’ எனக் கேட்டு, ஆமெனின் உடனே நிறுத்திக்கொள்ளும் வழக்கம் வேரூன்றுமாயின், தண்டமின்றியே பாதித் தீமை ஒழியும். வாடகைக்காரரும் வண்டியை ஓரத்தில் நிறுத்தித் திருப்பியழைக்கலாம்; இரண்டு நிமிடம் பொறாத வாடகை மிகச் சிலவே.

கல்லூரிகளில் இப்பழக்கம் தொடங்குதற்குத் தடையில்லை. மாணவரைத் தம் வாகனத்தில் ஏற்றிச் செல்லும் ஆசிரியர், புறப்படுமுன் ‘நான் தொலைபேசியை எடுத்தால் நீ தடுத்தல் வேண்டும்’ எனக் கூறிவிடின், மாணவனுடைய நா அன்றே விடுதலை பெறும். அனுமதி மூத்தவரிடமிருந்து வந்தமையால் மரியாதைக்கும் இழுக்கில்லை. நண்பன் நெறி தவறுங்கால் முற்பட்டுச் சென்று இடித்துரைத்தலை நட்பின் பயனாக வைத்தார் வள்ளுவர். ஒரே வண்டியிலே செல்வோர், இறங்குமிடம் வரும்வரையேனும் ஒருவர்க்கொருவர் நண்பர். அந்நட்புக்குரிய சொல்லைக் காலத்திலே சொல்லாதவர், பின்னர் மருத்துவமனை வாயிலில் நின்று சொல்லும் அனுதாபத்தால் யாருக்கும் பயனில்லை.