வேலை போனால் வீடும் போகுமா?

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது பழமொழி. அந்த வளைகூட இல்லாதவங்க நம்ம ஏற்காட்டிலேயே இருக்காங்க. தெரியுமா நண்பர்களே?

வீடில்லாதவர் என்றதும் நமக்கு சேலம் பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீடில்லாத சுமார் 17.7 லட்சம் பேரில் 8.3 லட்சம் பேர் கிராமத்தினர்! ரோட்டோரம், கோயில் மண்டபம் போன்ற இடங்களில் தங்குபவர்களே இந்தக் கணக்கில் வருவார்கள். சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவர் வர மாட்டார். அதனால்தான் கிராமத்தில் இந்தக் கஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார். எஸ்டேட்டுகள் பெருகின. வேலை செய்பவர்கள் தங்க லைன் வீடுகள் கட்டப்பட்டன. தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்று 1951-இல் சட்டமும் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலைக்காகக் கொடுத்தது. வேலை முடிந்தால் காலி செய்யணும்.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, சின்ன வயசிலிருந்து காபிப் பழம் பறிச்சவங்க. ஓய்வு பெற்றதும் வீட்டை விட்டாங்க. இப்போ மகனோட ஒற்றை அறையில் ஆறாவது ஆளாக இருக்காங்க. "மழை நனையலை சாமி, ஆனா இது என் வீடு இல்லை" என்பாங்க.

திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையிலும் இதே கதை. 1929-இல் குத்தகைக்கு எடுத்த காட்டில் உருவான தேயிலைத் தோட்டம் அது. 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து, வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்கள் ஐகோர்ட் வரை போனார்கள்.

அரசு வீடு தருதே என்று கேட்பீர்கள். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட ரூ.3.5 லட்சம் தருகிறார்கள். ஆனால் கட்டுவதற்கு இடம் வேணுமே! லைன் வீட்டில் இருந்தவருக்குப் பட்டா ஏது? முடிச்சு இங்கேதான் இருக்கு.

நாம் என்ன செய்யலாம்?

1. வீட்டுமனைப் பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கலாம். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு நாம் எழுதித் தரலாம். ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டாம், வேலையில் இருக்கும்போதே கேட்கணும்.

2. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களில் கிராம சபை கூடும். அங்கே இதைப் பேசச் சொல்லி வீட்டில் சொல்லுங்கள்.

3. வீடு மாறியதால் ஒரு நண்பன் பள்ளிக்கு வராமல் போனால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். டி.சி. தாமதமானாலும், எட்டாம் வகுப்பு வரை பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம்.

4. "உனக்கு வீடு இல்லையா?" என்று யாரையும் கேலி செய்யாதீர்கள்.

நாம் குடிக்கும் காபியில் அந்தப் பாட்டியின் உழைப்பு இருக்கு. அவங்களுக்கு ஒரு கூரை கேட்பது பிச்சை இல்லை, உரிமை!

சிந்திப்போம்! செயல்படுவோம்!