செருப்பு மாறிய வினைச்சொற்கள்

'விவா' என்பது வெறும் மைதானக் கூச்சலா, அதற்கு இலக்கணம் ஏதும் உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. 1954இல் மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ வெட்டிய தர்ப்பூசணிகளை வரைந்து, முன்னால் கிடக்கும் கீற்றின் சிவந்த சதையில் 'விவா லா விதா' என்று எழுதினார் (காதில் 'பிபா' என்றுதான் விழும்). வாழ்க வாழ்வு. ஸ்பானிஷ் படிக்கப் போனவர்கள் பாதியில் ஓடுவதற்குக் காரணமான 'சப்ஜங்டிவ்' அந்தக் கீற்றில்தான் உட்கார்ந்திருக்கிறது. நம் வியங்கோளுக்குத் தூரத்துச் சாயல். வேலை மட்டும் பல மடங்கு.

'30 நாளில் ஸ்பானிஷ்' என்று விற்பவர்கள் இந்த இடத்தில் ஒரு பெரிய அட்டவணையைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். ஒழுங்கான வினைகளில் நடப்பதோ ஓர் உயிரெழுத்து மாற்றம்தான். அப்லார் பேசுவது, கோமேர் சாப்பிடுவது, விவிர் வாழ்வது. 'அவர் பேசுகிறார்' அப்லா, 'சாப்பிடுகிறார்' கோமே, 'வாழ்கிறார்' விவே. சப்ஜங்டிவில் இவை அப்லே, கோமா, விவா.

கல்யாண மண்டப வாசலில் செருப்பு மாறிப்போன கதை இது. 'ஆ' வீட்டார் 'ஏ'யை மாட்டிக்கொண்டு கிளம்ப, 'ஏ' வீட்டாருக்கு 'ஆ' மிஞ்சுகிறது. யாரும் புதுச் செருப்பு வாங்கவில்லை. காலைப் பார்த்தாலே ஆள் மண்டபத்திலிருந்து வருகிறார் என்று தெரிந்துவிடும். மூன்றாவதான 'இர்' வீட்டார், 'ஏர்' வீட்டாரைப் பார்த்து அப்படியே மாட்டிக்கொள்பவர்கள். 'சாப்பிடுகிறோம்' கோமேமோஸ், 'வாழ்கிறோம்' விவிமோஸ் என்று இருந்த சிறு வித்தியாசமும் போய், கோமாமோஸ், விவாமோஸ் என்றாகிவிடுகிறது. 'நான் பேச', 'அவர் பேச' இரண்டுக்கும் அப்லே ஒன்றுதான். ஒரே ஜோடிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். யாருடையது என்பதைப் பேச்சின் போக்கை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வரலாறும் கேட்பார்கள், சொல்லித் தொலைக்கலாம். லத்தீனிலேயே அமாட், அமெட் என்று இந்த மாற்றம் இருந்தது. லத்தீன் 'விவாட்', கடைசி 'ட்' உதிர்ந்து விவா ஆனது. 1492இல் அந்தோனியோ தே நெப்ரிஹா காஸ்டிலிய மொழிக்கு இலக்கணம் எழுதியபோது இது பழைய சரக்கு.

சுவையான இடம் இனிமேல்தான். ஞாயிற்றுக்கிழமை, மத்ரித், நல்ல பசி. ஒருவர் 'ஞாயிறு திறக்கும் உணவகம் ஒன்றைத் தேடுகிறேன்' என்கிறார். 'திறக்கும்' என்பதற்கு 'கே ஆப்ரே' என்று சொன்னால் அப்படி ஓர் உணவகம் இருப்பது அவருக்குத் தெரியும், தெருதான் மறந்துவிட்டது. 'கே ஆப்ரா' என்றால் எதுவானாலும் சரி, ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். தமிழில் 'ஒரு கடை இருக்குமே' என்றோ 'ஏதாவது ஒரு கடை' என்றோ தனியாகச் சொல் சேர்த்துக் காட்டுவதை, அங்கே வினையின் கடைசி உயிரெழுத்தே காட்டிவிடுகிறது. கேட்பவர் வழி சொல்வதா, உதட்டைப் பிதுக்குவதா என்பது அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு, ஸ்பானிஷ் பேசுபவர்கள் உலகத்தையே சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்று கதை கட்டுவோரும் உண்டு. நம்ப வேண்டாம். தினமும் காலை 9 மணிக்குத் தவறாமல் திறக்கும் கடை வாசலில் நிற்பவரும் 'திறந்ததும் வாங்கிக்கொள்ளலாம்' என்பதற்கு 'குவாந்தோ ஆப்ரா' என்றுதான் சொல்வார். கடை திறப்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். 'நீ ஸ்பானிஷ் பேசுவதில் சந்தோஷம்' என்று ஒருவர் பாராட்டும்போது அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அப்போதும் அவர் வாயில் வருவது 'அப்லாஸ்' அல்ல, 'அப்லேஸ்'.