சிப் குடித்த வாய்க்கால்

2020-இல் ஒரு புயல்கூடத் தைவானில் கரை கடக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே அப்படியோர் ஆண்டு வந்ததில்லை. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தத் தீவின் அணைகளை நிரப்புவதே புயல் மழைதான். 2021 தொடக்கத்தில் நீர்த்தேக்கங்களில் வெடித்த சேறுதான் தெரிந்தது. மிச்சத் தண்ணீர் யாருக்கு என்ற கேள்விக்கு விடை சீக்கிரமே வந்தது. பாசன நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மடை அடைபட்டது. நடவு வேண்டாம், இழப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள் விவசாயிகளிடம். சிப் ஆலைகளுக்கு டேங்கர் லாரிகள் ஓடின.

நானோ நுட்பமும் நாட்டுப் பாதுகாப்பும் என்று தலைப்புக் கொடுத்தால் பலரும் போர் விமானத்தில் தொடங்குவார்கள். எனக்கு அந்த மடைதான் நினைவுக்கு வருகிறது.

உலகின் மிக நவீன சிப்களில் பத்துக்கு ஒன்பது அந்தத் தீவில்தான் தயாராகின்றன. அவற்றை வரையும் இயந்திரத்தைச் செய்யும் நாடு நெதர்லாந்து ஒன்றுதான். அதற்குள் உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு 50,000 விழுகின்றன. ஒவ்வொன்றையும் லேசர் தாக்க, 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளி பிறக்கிறது. இந்த இயந்திரம் சீனாவுக்குக் கிடையாது. 2022 அக்டோபரில் அமெரிக்கா சீனாவுக்கான சிப் ஏற்றுமதிக் கெடுபிடியை இறுக்கியது. மறு ஆண்டே சிப் தொழிலுக்கு வேண்டிய காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்குச் சீனா பூட்டுப் போட்டது. இதெல்லாம் தினமும் படிப்பதுதான்.

படிக்காதது, கழுவும் வேலை. சிலிக்கான் தகட்டில் அடுக்கடுக்காக வரையும்போது திரும்பத் திரும்பக் கழுவியாக வேண்டும். குடிநீர் அதற்கு ஆகாது. உப்பும் நுண்துகளும் கரைந்த காற்றும்கூட நீக்கிய நீர் வேண்டும். ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர். அந்த உலகில் தூசி என்பது சாலையில் உருண்டு கிடக்கும் பாறை. கோடு மெலிய மெலியத் தாகம் கூடுகிறது.

தைவான் தண்ணீரில் பெரும்பங்கு விவசாயத்துக்கே போகிறது, ஆலைகள் நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகின்றன என்பார்கள் தொழில்துறையினர். இருக்கட்டும். வறண்ட ஆண்டில் அடைபட்டது எந்த மடை?

ஒரு தீவை நம்பியிருக்க முடியாது என்று அமெரிக்கா 2022-இல் சிப் தொழிலுக்கு 5,200 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிச் சட்டம் போட்டது. புதிய ஆலைகள் எழும் இடங்களில் முக்கியமானது அரிசோனா. பாலைவனம்! நிலம் அதிராது, மனை தாராளம். ஆனால் அந்தச் சட்டத்துக்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான், அரிசோனாவுக்கும் நீர் தரும் கொலராடோ ஆற்றில் வரலாற்றிலேயே முதல்முறையாகப் பற்றாக்குறை அறிவித்திருந்தார்கள். தண்ணீர் வெட்டு முதலில் விழுந்தது அரிசோனாவின் பினால் வட்டாரத்துப் பருத்தி, குதிரைமசால் வயல்கள்மேல். அதற்குச் சிப் காரணமில்லை. முன்னுரிமை வரிசையில் அந்த வயல்கள் கடைசியில் இருந்தன, அவ்வளவுதான். சிலர் நிலத்தடி நீரை இறைக்கப் போனார்கள். சிலர் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள்.