தாய்மையும் மனமும் – 9: பச்சை உடம்புக்காரியின் மனச்சோர்வு

பிள்ளை பெற்ற மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தாய்க்குக் காரணமின்றி அழுகை வருவதும் எரிச்சல் மேலிடுவதும் பரவலாகக் காணப்படும் நிலை. இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும் இதற்கு மருந்து தேவையில்லை. இதற்கு மறுகோடியில், ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் மட்டும் தோன்றுவது பிரசவகால மனப்பிறழ்வு. இல்லாத குரல்கள் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீத எண்ணங்கள் எழுவது முதலிய அறிகுறிகளைக் கொண்ட இந்நோய் கண்டவளை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிப்பதே பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. மனப்பிறழ்வு கண்டவளை ஊரே கவனித்துவிடுகிறது. சோர்வுற்றவளோ பால் கொடுத்து, துணி மடித்து, கேட்டதற்குத் தலையாட்டி வளைய வருவதால் வீட்டாரின் கண்ணுக்கும் தப்பிவிடுகிறாள்.

உறக்கக் குறைவும் களைப்பும் பச்சை உடம்புக்காரி எல்லோருக்கும் இயல்பு என்பதால், பொதுவான மனச்சோர்வு அளவைகள் இவளிடம் பிழைபடும். இதை உணர்ந்த ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் 1987-இல் வெளியிட்ட எடின்பரோ அளவை, உடற்குறிகளைப் பெரும்பாலும் விலக்கி, சிரிக்க முடிகிறதா, வீணாகத் தன்னையே பழித்துக்கொள்கிறாளா என்பன போன்ற பத்துக் கேள்விகளோடு நின்றது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. இது நோயை உறுதிசெய்யும் கருவியன்று, யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று காட்டும் சல்லடை.

பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் சில நாட்களிலேயே வெகுவாகச் சரிவது உண்மைதான். ஆனால் அந்தச் சரிவு பிள்ளை பெற்ற அத்தனை பேருக்கும் நிகழ்வது. சிலரை மட்டும் நோய் ஏன் பற்றுகிறது என்பதற்கு அது மட்டுமே விடையாகாது. வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் 359 பெண்களைக் கருவுற்ற கடைசி மூன்று மாதங்களிலும், பிரசவமாகி 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வு, 11 விழுக்காட்டினருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு தோன்றியதைக் கண்டது. அது சுட்டிய ஆபத்துக் காரணிகள், அதாவது நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் சூழல்கள், வீட்டுக்குள்ளேயே இருந்தன: குறைந்த வருமானம், ஆணை எதிர்பார்த்திருந்தபோது பெண் பிறந்தது, மாமியாரோடு மனத்தாங்கல், பெற்றோரோடு பிணக்கு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள், கைவேலைக்கு ஆளில்லாமை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்பது நம் வழக்கம். அங்கே பத்தியச் சோறும் வெந்நீர்க் குளியலும் தவறாமல் கிடைக்கலாம், ஆயினும் பெற்றவர்களோடு உறவு கசந்திருந்தால் அந்த வீடே சுமையாகிவிடும் என்பதை இப்பட்டியல் உணர்த்துகிறது. பிறந்தது பெண் என்றதும் எழும் பெருமூச்சை வெறும் பழமைவாதமாக மட்டும் கருதுவது போதாது. அது தாயின் நோய்க்குக் காரணிகளுள் ஒன்று.

அதே ஆண்டு கோவாவிலிருந்து வந்த ஆய்வில் 23 விழுக்காட்டுத் தாய்மார்களிடம் மனச்சோர்வு காணப்பட்டது. அவர்களில் நான்கில் மூவருக்கு மேல் கர்ப்பத்தின்போதே மனத்துயரில் இருந்தவர்கள். ஆகவே பிரசவம் வரை காத்திருப்பது காலம் கடந்த செயல்.

சிகிச்சை எட்டாத தொலைவில் இல்லை. மனநல மருத்துவர்கள் அரிதான பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில், சிந்தனையை நெறிப்படுத்தும் எளிய பேச்சுமுறையைச் சமூக சுகாதாரப் பணிப்பெண்களுக்குக் கற்பித்து வீடுவீடாக அனுப்பியபோது, ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தவர்கள் 23 விழுக்காடாகக் குறைந்தனர். அப்பயிற்சி பெறாத பணிப்பெண்கள் சென்ற ஊர்களில் அது 53 விழுக்காடு. அதர் ரஹ்மான் குழுவினரின் இந்த ஆய்வு 2008-இல் லான்செட் இதழில் வெளியானது. தாயின் எடையையும் ரத்த அளவையும் குறித்துக்கொள்ளும் நம் கிராம சுகாதாரச் செவிலியர், மாமியார் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்து, இந்தப் பத்துக் கேள்விகளையும் கேட்பதற்குத் தேவைப்படுவது சில நிமிடங்களும் சற்றே பயிற்சியும்தான். கடுமையான நிலையில் மருந்து வேண்டியிருக்கலாம். தாய்ப்பால் கொடுக்கும்போதும் உட்கொள்ளத்தக்கவை உண்டு, மருத்துவரே தேர்ந்து தர வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் சோர்வு விலகாத பெண் வீட்டில் இருந்தால், மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

(தொடரும்)