குளத்தின் பெயரைச் சொல்லாதீர்கள்

1952 செப்டம்பர் 13, விடியற்காலை. இங்கிலாந்தின் மேற்கு ஓரம், ஹெர்ஃபோர்ட்ஷயரில் மூன்று ஏக்கர் அளவுள்ள ஒரு குளம். கரையில் இருந்த ரிச்சர்டு வாக்கரின் தூண்டிலில் ஒரு கெண்டை மாட்டியது. எடை 44 பவுண்டு, நம் கணக்கில் 20 கிலோ. இங்கிலாந்தில் அதுவரை அவ்வளவு பெரிய கெண்டையைத் தூண்டிலில் யாரும் பிடித்ததில்லை. வாக்கர் அதைக் கொல்லவில்லை. லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போன் போட்டார். வண்டி வந்து மீனை உயிரோடு ஏற்றிக்கொண்டு போனது. கிளாரிசா என்ற பெயரில் 1971 வரை அது அங்கே கண்ணாடித் தொட்டியில் வாழ்ந்தது.

மீன் நாடறிந்ததாகிவிட்டது. குளம் மட்டும் வெளியே தெரியவில்லை. வாக்கரும் அவருடைய ‘கார்ப் கேட்சர்ஸ் கிளப்’ நண்பர்களும் அதை ‘ரெட்மைர்’ என்றே எழுதினார்கள். உண்மைப் பெயர் பெர்னிதன். இடம் தெரிந்தால் கூட்டம் கூடிவிடும் என்று வைத்த மாற்றுப்பெயர் அது. இன்றைக்கு அந்தக் குளத்துக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

எழுபது ஆண்டுகள் கழிந்து, அதே கவலையோடு இங்கிலாந்தின் மீன்பிடி கிளப்புகள் பல புதிய விதிகளைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. கமிட்டியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் யூடியூபுக்குப் படம் எடுக்கக் கூடாது. ட்ரோன் பறக்கவிடக் கூடாது. மீனோடு படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த ஏரி என்று போடக் கூடாது. சில இடங்களில் படத்தையே வெளியில் காட்டக் கூடாது. மீறினால் உறுப்பினர் அட்டை பறிபோகும். உறுப்பினராவதற்கே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய கிளப்புகளில் இது சின்ன தண்டனை இல்லை.

நம்மூரில் ஏரி என்றால் பஞ்சாயத்துக்கோ பொதுப்பணித் துறைக்கோ உரியது. ‘படம் எடுக்காதே’ என்று சொல்ல இவர்கள் யார் என்று தோன்றும். அங்கே கதை வேறு. கடல் ஏற்றம் எட்டாத ஆற்றுப் பகுதிகளில் மீன்பிடி உரிமை பொதுவாகக் கரை நிலத்துக்காரருக்கு. கிளப் அவரிடம் குத்தகைக்கு எடுக்கிறது, சந்தா கட்டியவர்களைத் தூண்டில் போட விடுகிறது. அரசின் தூண்டில் உரிமச் சீட்டு தனி. ஆக, கரைக்குள் வருகிறவருக்கு நிபந்தனை போட கிளப்புக்குச் சட்டப்படி இடமுண்டு. பக்கத்துப் பொதுப்பாதையில் நடந்து போகிறவர் படம் எடுத்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவு ரகசியம் எதற்கு? அங்கே கெண்டை பிடிப்பவர்கள் மீனைத் தின்பதில்லை. பிடித்து, எடை பார்த்து, திரும்ப விட்டுவிடுவார்கள். அதனால் ஒரே மீன் இருபது, முப்பது ஆண்டுகள் அதே ஏரியில் வளர்ந்து, பலருடைய கைக்கு வந்து போகும். கண்ணாடிக் கெண்டை என்று ஒரு வகை. 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டார்களே, அதுதான். அதன் உடம்பில் செதில்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிது பெரிதாகப் பதிந்திருக்கும். எந்த இரண்டு மீனுக்கும் அந்த அமைப்பு ஒத்துப்போகாது. கைரேகை மாதிரி. பின்னணியிலுள்ள மரத்தையும் மின்கோபுரத்தையும் எவ்வளவு மங்கலாக்கினாலும், பழகிய கண் மீனின் விலாவைப் பார்த்தே ஏரியைச் சொல்லிவிடும். மீனே முகவரி.

பென்சன் என்ற மீனின் கதை இதற்குச் சாட்சி. பீட்டர்பரோ அருகே புளூபெல் லேக்ஸ் ஏரியில் இருந்த பெண் கெண்டை. முதுகுத் துடுப்பில் சிகரெட் சுட்டது போல ஒரு சின்ன ஓட்டை. அதனால் ஒரு சிகரெட் கம்பெனியின் பெயர் வந்தது. 64 பவுண்டு வரை வளர்ந்தாள். படம் வராத மீன்பிடிப் பத்திரிகை இல்லை. 63 முறை பிடிபட்டவள் என்று கணக்குச் சொன்னார்கள். 2009-இல் செத்து மிதந்தபோது நாட்டின் பெரிய நாளிதழ்களே செய்தி போட்டன. ஒரே உடம்பில் 63 முறை முள் ஏறி இறங்கியிருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. ‘மக்களின் மீன்’ என்று கொண்டாடிய அதே புகழ்தான் அத்தனை தூண்டில்களையும் அவளிடம் கூட்டிவந்தது.

படம் பிடிக்கும் நேரத்தையும் சொல்ல வேண்டும். பெரிய கெண்டையைக் கரையேற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அகன்ற கைவலையில் அள்ளி, தண்ணீர் ஊற்றி நனைத்த மெத்தையில் கிடத்துவார்கள். முள்ளைக் கழற்றி, குத்திய இடத்தில் மருந்து தடவி, ஈரத் துணித்தொட்டிலில் வைத்து எடை பார்ப்பார்கள். பிறகு மண்டியிட்டு, மெத்தைக்கு ஒரு சாண் மேலே இரண்டு கையிலும் ஏந்தி ஒரு படம். பக்கத்தில் ஒருவர் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார். மீனின் மேலுள்ள வழவழப்புத்தான் அதற்குக் கவசம். காய்ந்தால் நோய் தொற்றும். எல்லாம் சில நிமிடத்தில் முடிந்து மீன் தண்ணீருக்குள் போயாக வேண்டும்.

சேனலுக்காகப் படம் எடுப்பவருக்கு இந்தச் சில நிமிடம் போதாது. வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை. சட்டையிலுள்ள கம்பெனிப் பெயர் விழவில்லை, இன்னொரு தடவை. மீனைப் பற்றி நாலு வார்த்தை பேசும்போது நாக்கு புரண்டது, இன்னொரு தடவை. அதுவரை மீன் செவுளைத் திறந்து மூடிக்கொண்டு காற்றில் கிடக்கிறது. எல்லாப் படக்காரர்களும் அப்படியில்லை, மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு பேசுகிறவர்களும் உண்டு. ஆனால் கரையில் யார் எப்படி நடந்துகொள்வார் என்று கமிட்டி ஒவ்வொரு இரவும் காவல் காக்க முடியுமா?

திருட்டு பயமும் உண்டு. பெரிய கெண்டை ஒன்று கள்ளச் சந்தையில் ஆயிரக்கணக்கான பவுண்டு பெறும். வேறொரு ஏரிக்காரர் தன் ஏரியில் விட்டு ஆள் சேர்க்கலாம். தனியார் நீரில் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி குற்றம். அனுமதிச் சீட்டு இல்லாமல் மீனை ஏரி மாற்றுவதும் குற்றம். சட்டம் இருந்தும், இரவில் வலையோடு வருகிறவனுக்கு முதலில் வேண்டியது தகவல். அதைச் சில நேரம் உறுப்பினர் ஒருவர் பெருமைக்காகப் போட்ட படமே கொடுத்துவிடுகிறது. அப்படி ஊர் மாறும் மீனோடு கொய் ஹெர்பிஸ் வைரஸும் ஊர் மாறும். கெண்டைகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் அந்த நோய்க்கு மருந்தில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. 2020 மே 13 அன்று ஊரடங்கைத் தளர்த்தியபோது இங்கிலாந்தில் முதலில் அனுமதித்தவற்றில் தூண்டில் போடுவதும் ஒன்று. அந்த ஆண்டு உரிமச் சீட்டு விற்பனை ஏறியது. புதிதாக வந்த பலருக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த வாத்தியார் யூடியூப். 13 முதல் 16 வயது வரை உரிமச் சீட்டை இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனாலும் தாத்தாக்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் கிளப்புகள் நிறைய. கதவைச் சாத்திக்கொண்டு ‘இளைஞர் வரவில்லையே’ என்று புலம்பினால் யார் வருவார்?

இன்னொன்று அதைவிடப் பெரியது. இங்கிலாந்து ஆறுகளில் கழிவுநீரைத் திறந்துவிடும் கம்பெனிகளை ஊரறியச் செய்ததில் தூண்டில்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘தி அண்டர்டோன்ஸ்’ இசைக்குழுவின் முன்னாள் பாடகர் ஃபியர்கல் ஷார்க்கி, லீ ஆற்றங்கரையில் உள்ள பழமையான அம்வெல் மாக்னா மீன்பிடி கிளப்பின் தலைவராக இருந்தவர். தன் ஆறு வற்றுவதையும் சாக்கடையாவதையும் கண்டு கொதித்து, சமூக ஊடகத்தைத்தான் ஆயுதமாக எடுத்தார். கிளப்பின் தடை விதி இப்படிப்பட்ட படத்தின் மேல் பாயுமானால், அந்த விதி ஆற்றுக்குத் துரோகம். கழிவுநீர்க் குழாயைப் படம் எடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று விதியிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும்.

படமே கூடாது என்று என்னால் சொல்ல முடியாததற்கு நம் காவிரியும் ஒரு காரணம். கர்நாடகத்தில் காவிரிக் கரையில் தூண்டில் முகாம்கள் இருந்தன. மஹ்சீர் என்னும் ராட்சதக் கெண்டையைப் பிடித்து எடை குறித்து விட்டுவிடுவார்கள். மீனுக்கு வெடி வைக்கும் கும்பல்கள் அஞ்சியது அந்த முகாம்களின் காவலாளிகளுக்கு. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்புக் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோதுதான், காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் அருகி, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது தெரிந்தது. உலகப் புகழ் பெற்ற அந்தத் திமில் மீனுக்கு முறையான அறிவியல் பெயர்கூட அதுவரை உறுதியாகவில்லை. தூண்டில்காரர்களின் பழைய புகைப்படங்களையும், நம் மோயாற்றில் கிடைத்த மீன்களையும் வைத்து, 2018-இல்தான் அது ‘டோர் ரெமாதேவியே’ என்று நிலைநாட்டினார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

அந்த மீனின் நிலைமையை உலகுக்குச் சொன்னது நோட்டுப்புத்தகமும் கேமராவும்தான். அவை போய்ச் சேர்ந்தது ஆய்வாளர் மேசைக்கு. இங்கிலாந்து கிளப்புகளிடம் நான் கேட்பதும் அவ்வளவே: படத்தைத் தடுக்காதீர்கள், இடத்தை மறையுங்கள். ஒவ்வொரு மீனின் எடையையும் நாளையும் உடல்நிலையையும் கிளப் பதிவேட்டில் எழுதிவைத்து ஆய்வாளர் கேட்டால் கொடுங்கள். ஊருக்குக் காட்டுவதாக இருந்தால் ஒரு பருவம் கழித்து, பெயரில்லாமல் காட்டுங்கள். வாக்கரும் மீனைக் காட்டி, குளத்தைத்தானே மறைத்தார்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. திமில் மஹ்சீர் மிச்சமிருக்கும் சில இடங்களில் மோயாறு ஒன்று. முதுமலைப் பக்கமோ பவானிசாகர் பக்கமோ போகிறவர்கள் ஆற்றில் பெரிய மீனைக் கண்டால், ஆழக் கசத்தின் பெயரையும் வழியையும் ரீல்ஸில் போடாதீர்கள். வனத்துறைக்கோ மீனியல் ஆய்வாளருக்கோ சொல்லுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.